மணியமும் பதினைந்து புள்ளியும்: பகாவில் 'இன்டர்லோக்' ஆண்டு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவில் இன்றைக்கும் 'இன்டர்லோக்' என்று யாரிடமாவது பேச்செடுத்தால், "அதைத்தான் தடை பண்ணிட்டாங்களே" என்பார்கள். இந்தியர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்பைக் கிளப்பிய அந்த மலாய் நாவல் தடை செய்யப்படவே இல்லை. மலேசியாவில் ஒரு நூலைத் தடை செய்ய வேண்டுமானால், 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி உள்துறை அமைச்சர் ஆணை போட வேண்டும், அது அரசிதழில் வர வேண்டும். வந்த பிறகு அந்த நூலை அச்சிட்டாலோ விற்றாலோ மூன்று ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். தக்க காரணம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம். இன்டர்லோக்குக்கு அப்படி எதுவும் நேரவில்லை. 2011 ஜனவரியில், இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டான படிவம் 5 மலாய்மொழிப் பாடத்தில் கட்டாய நாவலாக வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாடத்திட்டத்திலிருந்து எடுக்க முடிவானது. நடந்தது அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு முழுக்க இரண்டு தரப்பும் இதைக் குழப்பிக்கொண்டே சண்டை போட்டன. நாவலை எடுக்கச் சொன்னவர்களை மலாய் எழுத்தாளர்கள் சிலர் இலக்கியத்தின் எதிரிகள் என்றார்கள். நம் ஆட்களில் சிலர் தடை வேண்டும் என்றே மேடையில் பேசினார்கள். நூலகத்தில் இருக்கும் புத்தகம் வேறு, பதினேழு வயதுப் பிள்ளை படித்தே ஆக வேண்டிய புத்தகம் வேறு. முதலாவதை எடுக்கச் சொன்னால் அது தணிக்கை. இரண்டாவதைப் பற்றிக் கேள்வி கேட்பது பெற்றோரின் உரிமை என்றே நினைக்கிறேன்.

நாவலும் அந்தப் பத்தியும்

இன்டர்லோக்கை எழுதியவர் அப்துல்லா ஹுசைன். கெடாவின் யான் வட்டாரத்தில் 1920இல் பிறந்தவர். சுதந்திரம் பெற்றுப் பத்தாண்டு நிறைந்ததையொட்டி நடந்த நாவல் போட்டிக்கு இதை அனுப்பினார், ஆறுதல் பரிசு கிடைத்தது. 1971இல் நூலாக வந்தது. 1996இல் அவருக்குத் தேசிய இலக்கியவாதி விருதும் கிடைத்தது. சர்ச்சை வெடித்தபோது அவருக்கு வயது தொண்ணூறு, உடல்நிலையும் நன்றாக இல்லை.

நாவல் நான்கு பகுதி. செமான் குடும்பம், சிங் ஹுவாட் குடும்பம், மணியம் குடும்பம், கடைசியில் மூன்றும் ஒன்றோடொன்று பிணையும் பகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து 1957இல் முடிகிறது. எழுத்தறிவில்லாத மலாய் விவசாயி, நிலத்தைக் கைக்குள் கொண்டுவரும் சீன வியாபாரி, கப்பலேறி வந்த இந்தியத் தோட்டத் தொழிலாளி. மூன்றும் அச்சில் வார்த்த வடிவங்கள்தான். மலாய்க்காரரையும் ஆசிரியர் விட்டுவைக்கவில்லை என்று அப்போது சிலர் வாதாடினார்கள், அது உண்மையும்கூட. சீன அமைப்புகள் சிலவும் பிற்பாடு தங்கள் குறையைச் சொன்னதும் இதனால்தான். என் கணிப்பில் ஆசிரியரின் நோக்கம் நல்லது. மூன்று இனமும் ஒரு நாடாக வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியிருக்கிறார். ஆனால் மூன்றாவது குடும்பத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது மிகக் குறைவு.

பிரச்சினையான பத்தி மணியம் பகுதியில் வருகிறது. கப்பலில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் 'பரியா' சாதியைச் சேர்ந்தவர்கள், அதனால் தொட்டால் தீட்டு என்ற பயமில்லாமல் சகஜமாகப் பழகினார்கள் என்கிறது அந்தப் பத்தி. மணியம் கேரளத்திலிருந்து வருகிறான். ஆனால் நாவலில் தமிழர், மலையாளி, தெலுங்கர் என்ற பிரிவுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கின்றன.

சரி, இது வரலாற்றுக்குப் பொருந்துகிறதா? பொருந்தவில்லை. தோட்டத்துக்குக் கூலியாட்களைக் கூட்டிவந்த கங்காணி ஆள் பிடித்தது தன் ஊரில், தன் உறவில், தன் சாதியில். அந்த ஏற்பாட்டுக்கு 1938இல் இந்திய அரசு முற்றுப்புள்ளி வைக்கும்வரை ஒவ்வொரு கங்காணியின் பின்னாலும் ஒரு கிராமத்துத் துண்டே வந்தது. பறையரும் வந்தார்கள், பள்ளரும் வந்தார்கள், வன்னியர், கள்ளர், கவுண்டர் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் சாதியைக் கடலில் போட்டுவிட்டு வரவில்லை. பல தோட்டங்களில் லயமே, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளே, சாதி வாரியாகப் பிரிந்திருந்தது. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது என்ற கணக்கு இங்கேயும் நடந்தது. ஆக அந்தப் பத்தி இரண்டு பக்கமும் தப்பு. எல்லாரையும் ஒரே சாதி என்றதும் தப்பு, சாதித் தடையில்லாமல் பழகினார்கள் என்றதும் தப்பு. இரண்டாவது தப்பைப் பற்றி அந்த ஆண்டு மேடைகளில் யாரும் வாய் திறந்ததாக நினைவில்லை. நமக்கு அது வசதியான தப்பு.

எதற்காகப் படித்தே ஆக வேண்டும்

மலாய்மொழிப் பாடத்தில் கோம்சாஸ் என்ற இலக்கியப் பகுதி 2000இல் வந்தது. கவிதை, சிறுகதை, நாடகம், நாவல் எல்லாம் உண்டு. படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில், மலாய்மொழி இரண்டாம் தாளில் நாவல் கேள்விக்கு அப்போது 15 புள்ளி. பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் மலாய்மொழியில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைக்கு மலாய்தான் பெரிய மேடு. அந்தப் பிள்ளையிடம் போய் "இந்த நாவலைத் தொடாதே" என்று சொல்வது சுலபமில்லை.

நாவல்கள் மண்டல வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இன்டர்லோக் வந்தது சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கோலாலம்பூர், புத்ராஜெயாவுக்கு மட்டும். பகாவிலிருந்து காரில் தெற்கே போய் ஜொகூர் எல்லையைத் தாண்டினால், அங்குள்ள படிவம் 5 மாணவன் வேறு நாவல் படித்துக்கொண்டிருந்தான். இதைவிட முக்கியமான விஷயம் தேர்வுத்தாளிலேயே இருந்தது. நாவல் கேள்வி அப்போது எந்த ஒரு நாவலையும் கட்டிப்போட்டுக் கேட்கப்படவில்லை. எல்லா மண்டல நாவல்களின் பெயரும் பட்டியலாக இருந்தது, மாணவன் தான் படித்த நாவலை வைத்து எழுதினால் போதும்.

அதாவது ஒரு பள்ளிக்கு மாற்று நாவலைக் கொடுக்க ஒரு தேர்வுத்தாளைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பக்கத்து மண்டலத்துப் புத்தகத்தை அனுப்பினால் போதும். கேட்கிற பள்ளிக்கு வேறு நாவல் என்று முதல் மாதத்திலேயே முடித்திருக்கலாம். அப்துல்லா ஹுசைனின் ஒரு வரியைக்கூட வெட்டியிருக்க வேண்டாம். கல்வி அமைச்சு இதைச் செய்யவில்லை. எதிர்த்தவர்களும் இதைக் கேட்கவில்லை. முழுக்க வை, முழுக்க எடு, இரண்டே கோஷம்.

பகாவில்

ஜெம்போல் மாவட்டத்தின் தோட்டப் பட்டணம் பகாவ். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை, நடுநடுவே அரசின் நிலத் திட்டமான பெல்டாவின் குடியேற்றங்கள். 2011 வாக்கில் நம் குடும்பங்களில் பாதி லயத்தை விட்டுத் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு வந்துவிட்டன. லயங்களில் வங்காளதேசிகளும் இந்தோனேசியரும் இருந்தார்கள். அந்த வட்டாரத்து ஜெராம் பாடாங் சட்டமன்றத் தொகுதி அப்போது ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கையில். அதனால் சர்ச்சை நாளிதழில் மட்டும் நிற்கவில்லை, கோப்பிக்கடை மேசைக்கும் வந்துவிட்டது.

நான் அப்போது பகாவில் படிவம் 5 பிள்ளைகளுக்கு மலாய்மொழி டியூசன் எடுத்துக்கொண்டிருந்தேன், கடைவீட்டு மாடியில். பிள்ளைகள் கொண்டுவந்த நாவல்களை மேசையில் வைத்தாலே ஒன்று தெரியும். பாடநூல் இரவல் திட்டத்து முத்திரை குத்திய புதுப் புத்தகம், முதுகு விறைப்பாக இருக்கும். ஆனால் கையை எடுத்தால் தானாக ஒரே பக்கத்தில் விரிந்துகொள்ளும். அந்தப் பத்தி உள்ள பக்கம். ஓரத்தில் விரல் அழுக்கு, கீழே பேனாக் கோடு, ஒரு புத்தகத்தில் 'இங்கே பார்' என்று அம்புக்குறி. அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள பக்கங்கள் கடையில் இருந்ததுபோலவே சுத்தமாக இருந்தன. நாடே பேசிக்கொண்டிருந்த நாவலில் எங்கள் ஊர் படித்தது ஒரு பத்தி.

அதில் ஒரு மாணவியின் அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். மகளைக் கூட்டிப்போக வந்தவர் ஒருநாள் மாடியேறி வந்து, "சார், அந்தப் புத்தகத்துல என்னதான் எழுதியிருக்கு? எல்லாம் கத்துறாங்க, ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்று கேட்டார். மகளையே வாசிக்கச் சொன்னேன். கப்பல் வரும் இடத்திலிருந்து அவள் மலாயில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். அந்தப் பத்தி வந்ததும் தயங்கினாள். அவர், "படிம்மா, நான் கேக்காத வார்த்தையா" என்றார். முடித்த பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இது எழுதியிருக்கக் கூடாது சார். ஆனா கப்பலு, எஸ்டேட்டு, இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்துல வந்திருக்குல்ல. மிச்சத்தையும் படிக்கச் சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

அந்த ஆண்டு நான் கேட்டதிலேயே தெளிவான கருத்து அதுதான். எதிர்ப்பும் ஆர்வமும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை எந்த மேடையும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெற்றோர் கூட்டம் ஒன்றும் நடந்தது. ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்து இந்தியப் பெற்றோர் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். மனுவில் என்ன எழுதுவது என்பதுதான் பேச்சு. ஒருவர் எழுந்து, "நம்ம எல்லாரையும் ஒரே சாதின்னு எழுதிட்டான். எங்க தாத்தா என்ன சாதின்னு இவனுக்குத் தெரியுமா?" என்றார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். பின்வரிசையில் மூன்று பேர் தட்டவில்லை, எழுந்து வெளியே போய்ச் சிகரெட் பற்ற வைத்தார்கள். அவர்கள் தாத்தா என்ன சாதி என்பது ஊருக்கே தெரியும்.

எதிர்ப்பில் விரிசல் விட்ட இடம் இதுதான். 'எங்களைக் கேவலமாகச் சொல்லிவிட்டார்கள்' என்ற வருத்தத்துக்குள் 'எங்களை அவர்களோடு சேர்த்துவிட்டார்கள்' என்ற வருத்தமும் ஒளிந்திருந்தது. முதலாவது நியாயம். இரண்டாவது அந்த நாவலைவிட மோசம். மனுவில் எழுதியது முதலாவதை மட்டும்தான். ஆனால் கைதட்டல் விழுந்தது இரண்டாவதற்கு. மனுவை எழுதிய இளைஞர், நானறிந்து நல்ல வாசகர், 'இழிவுச் சொல்' என்பதைத் தவிர்த்து 'வரலாற்றுப் பிழை' என்று போட வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். எடுபடவில்லை. பிழை என்று போட்டால் எது சரி என்று அடுத்த வரியில் எழுத வேண்டிவரும், அதற்கு மண்டபத்தில் யாரும் தயாராக இல்லை.

இந்தச் சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி இருவரின் படைப்புகளையும் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. அங்கே சாதியைப் பற்றி, அதை அனுபவித்தவர்களே எழுதியது வெளியே போனது. இங்கே வெளியாள் அரைகுறையாக எழுதியது வெளியே போனது. பாடத்திட்டத்தில் எஞ்சியது ஒன்றுதான்: சாதி என்ற பேச்சே இல்லாத பக்கம்.

மேலே நடந்தது

தலைநகரத்துச் சங்கதி பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரியிலேயே நாவலை எரித்தார்கள். அது எதிர்த்தவர்களுக்கே கேடாக முடிந்தது. அதுவரை பிழையைப் பற்றி இருந்த பேச்சு, அதற்குப் பிறகு நெருப்பைப் பற்றியதாக மாறிவிட்டது. இந்தியர் உரிமை இயக்கமான இன்ட்ராஃப் நடத்திய 2007 நவம்பர் பேரணிக்கும் 2008 பொதுத்தேர்தலுக்கும் பிறகு இந்திய வாக்கு எந்தப் பக்கம் என்பதே எல்லாக் கட்சிக்கும் கவலை. ஜனவரி 30இல் ஜொகூரின் தெனாங்கில் இடைத்தேர்தல், தோட்டத்து இந்திய வாக்காளர் உள்ள தொகுதி. இன்டர்லோக் அங்கே பிரச்சாரப் பொருளானது. அந்தத் தொகுதி மாணவர்களுக்கு அது பாடநூலே அல்ல என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பிப்ரவரி 27இல் கோலாலம்பூரில் ஊர்வலம் போக முயன்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

கல்வி அமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்த முகைதீன் யாசின், நாவல் பாடத்தில் நீடிக்கும், புண்படுத்தும் பகுதிகள் திருத்தப்படும் என்றார். எட்டுப் பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழுவில் இருந்த மூன்று இந்திய உறுப்பினர்களும் இடையில் விலகினார்கள். மார்ச் கடைசியில் 19 திருத்தங்கள் என்று அறிவிப்பு வந்தது, 'பரியா' என்ற சொல் முழுக்க நீக்கப்படும் என்றும் சொன்னார்கள்.

இந்தத் திருத்தம்தான் எனக்கு இன்றுவரை சீரணிக்காதது. நாவலை அப்படியே வைத்துக் கீழே ஒரு குறிப்புப் போட்டிருக்கலாம்: 'இது ஆசிரியரின் பார்வை, வரலாறு இப்படி.' ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு கொடுத்து, இந்தப் பத்தியை வகுப்பில் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தந்திருக்கலாம். நல்ல ஆசிரியர் கையில் அந்தப் பத்தி ஒரு மணி நேரப் பாடம். யார் வந்தார்கள், யார் கூட்டி வந்தார்கள், லயத்தை எப்படிப் பிரித்தார்கள், மலாய் எழுத்தாளர் ஒருவருக்கு இது ஏன் தெரியாமல் போனது. இதையெல்லாம் விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்தால், பிழையான கருத்து அப்படியே இருக்கும், பிழை என்று காட்ட அடையாளம் மட்டும் இருக்காது. ஆசிரியருக்கும் மரியாதையில்லை, நமக்கும் பயனில்லை.

மலாய் ஆசிரியர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, நம் பிள்ளைகளிடம் அன்பானவர், அந்த அத்தியாயம் வரும்போது "இதை நீங்களே வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தாண்டிவிட்டார். வகுப்பில் ஆறேழு இந்திய மாணவர்கள். எதைச் சொன்னாலும் புகார் வரலாம் என்ற பயம் அவருக்கு. பிள்ளைகளும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எந்த ஆணையும் இல்லாமல் ஒரு அத்தியாயம் வகுப்பிலிருந்து காணாமல் போனது. பள்ளிகளில் தணிக்கை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். கோப்பு இருக்காது, கையெழுத்து இருக்காது, ஒரு ஆசிரியரின் தயக்கம் மட்டும்தான்.

எடுத்த பிறகு

டிசம்பரில் நாவலை மீட்டுக்கொள்ளும் முடிவு வந்தபோது பகாவில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். அதே டிசம்பருக்குள் அந்த ஆண்டுப் பிள்ளைகள் எஸ்.பி.எம். எழுதி முடித்திருந்தார்கள். எதை நம்பிப் படிப்பது என்று ஆண்டு முழுக்க அலைக்கழிந்தவர்கள் அவர்கள்தான். என் டியூசன் பிள்ளைகளில் பலர் நாவல் கேள்விக்குப் படிவம் 4இல் படித்த நாவலை வைத்தே ஒப்பேற்றினார்கள்.

மாற்றாக வந்தது 'கொன்செர்தோ தெராகிர்'. கிராமத்து இசைக்கலைஞன் ஒருவனின் கதை, முந்தைய சுற்றிலேயே பாடமாக இருந்தது. அதை எழுதியவர் யார் தெரியுமா? அதே அப்துல்லா ஹுசைன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் மேல் தனிப்பட்ட கோபமில்லை என்பவர்களுக்கு அது சரியான முடிவு. எழுத்தாளரை அவமானப்படுத்தவில்லை என்று காட்ட அமைச்சுக்கும் வசதி. ஆனால் அந்த நாவலில் கப்பல் இல்லை, கங்காணி இல்லை, லயம் இல்லை. நம்மைப் பற்றித் தவறாக எழுதிய பக்கங்கள் போய், நாமே இல்லாத பக்கங்கள் வந்தன. இதைத்தான் வெற்றி என்று கொண்டாடினோம். மலாய் மாணவன், சீன மாணவன், நம் பிள்ளை மூவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து தோட்டத்து வாழ்க்கையைப் படிக்கும் வாய்ப்பு அதோடு நழுவியது.

தோட்டத்தை எழுத நம்மிடம் ஆளில்லையா? அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' இருக்கிறது. பெடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் 1981இலேயே 'தி ரிட்டர்ன்' என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். தோட்டத்தில் பிறந்து தோட்டத்தை எழுதியவர்களின் நல்ல சிறுகதைகள் தமிழில் ஏராளம். இவற்றில் ஒன்றை நல்ல மலாயில் பெயர்த்து, தேர்வுக்குழு மேசைக்குக் கொண்டுபோவது ஓர் ஊர்வலத்தைவிடச் செலவு குறைவு. ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், படமும் எடுக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு அந்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஓர் அம்மா இதைக் கேட்டார். "எடுக்கச் சொன்னோம், எடுத்துட்டாங்க. அடுத்த தடவ நாவல் தேர்ந்தெடுக்கும்போது நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு பேரு குடுக்கலாமா? யாருகிட்டக் குடுக்கணும்?" தலைவர் நல்ல யோசனை என்றார், செயலாளர் குறிப்பில் எழுதிக்கொண்டார். யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது மேசையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்து விளையாட்டுப் போட்டிக்கான நிதி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.